ஜெர்மன் உருளைக்கிழங்கு உருண்டை: பாக்கெட் மாவை விட முறுக்கு அச்சு மேல்

முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த பாக்கெட் மாவுக்கு ஐந்துக்கு இரண்டரை. மலேசியாவில் எங்கள் பாடாங் செராய் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வாங்கிய முறுக்கு அச்சுக்கு ஐந்துக்கு ஐந்து, கேட்டால் மேலே அரை மார்க்கும் போடுவேன். இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன் என்றால், உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, உருட்டி, வெந்நீரில் போட்டு எடுக்கிற அந்த ஜெர்மன் உருண்டைக்கு இரண்டில் ஒன்று இருந்தால் போதும். எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி.

கதை சுருக்கம்தான். அக்கா மகன் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்கிறான். பயிற்சிக்கு அவனை ஜெர்மனியின் தெற்கே பவேரியா பக்கம் அனுப்பினார்கள். போய் வருகிறவர்கள் சாக்லெட் வாங்கி வருவார்கள், இவன் மாவுப் பெட்டிகளாக அடுக்கி வந்தான். காரணம் இருக்கிறது. அவன் மனைவிக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது, அவற்றில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் போனாலும் குடலைக் கெடுக்கும், "ஒரு வாய்தானே" என்ற பேச்சே கிடையாது. எனக்குப் பால் சேராது. அம்மாவுக்குப் புரட்டாசி வந்துவிட்டால் முட்டை வாசனை அடித்த சட்டியைக்கூடத் தொடமாட்டார். இப்படி ஆளுக்கொரு கட்டுப்பாடு உள்ள வீட்டில் ஒரே குண்டானில் எல்லாருக்கும் ஆகிற சாப்பாடு கிடைப்பது லேசில்லை. "சித்தி, அங்கே கேன்டீனில் தின்றேன், விசாரித்துப் பார்த்தால் வெறும் கிழங்கும் கிழங்கு மாவும்தான்" என்று அவன் சொன்னபோது எனக்குக் காது நீண்டது உண்மை.

தெரியாதவர்களுக்காக: ஜெர்மனியின் தெற்கே இதை க்னோடல் என்பார்கள், துரிங்கியா பக்கம் க்ளோஸ. ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சி, அதன் குழம்பு, பக்கத்தில் புளிப்பும் இனிப்புமாக வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ், நடுவில் இந்த உருண்டை, இதுதான் அவர்களுடைய வீட்டுச் சாப்பாடு. கிறிஸ்துமஸ் வாத்துக் கறிக்கும் இதுவே துணை. வைமார் நகரத்துக்குப் பக்கத்தில் ஹைகெல்ஹைம் என்ற கிராமத்தில் இந்த உருண்டைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் முட்டையும் கோதுமை மாவும் சேர்ப்பார்கள்தான், ஆனால் துரிங்கியாவின் பழைய முறையில் முட்டையே இல்லை. இரண்டு பங்கு பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, ஒரு பங்கு வெந்த கிழங்கோடு சேர்ப்பது, அவ்வளவுதான். அதனால் "வீகன், குளூட்டன் இல்லாதது" என்று சொன்னதும் ஏதோ அசலைக் கெடுத்துச் செய்கிற பத்திய உணவு என்று நினைக்க வேண்டாம். எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, உருண்டைக்குள் வைக்கிற வறுத்த ரொட்டித் துண்டு. அதற்கு மாற்று பிறகு சொல்கிறேன்.

சரி, பாக்கெட். அவன் கொண்டு வந்ததில் ஒரு வகை, தண்ணீர் ஊற்றிப் பிசைகிற தூள். இன்னொரு வகை, ஓட்டை போட்ட சின்னப் பைக்குள் மாவு, பையோடு தண்ணீரில் போட்டால் உள்ளேயே ஊதி உருண்டையாகிவிடும், பையைக் கிழித்துத் தட்டில் போட வேண்டியதுதான். வேலை சுத்தம், கையில் ஒட்டாது, எல்லா உருண்டையும் ஒரே அளவு. பெட்டியின் பின்பக்கத்தில் உலர்ந்த கிழங்குச் செதில், கிழங்கு ஸ்டார்ச், உப்பு, ஜாதிக்காய், அப்புறம் நிறம் மாறாமலிருக்க சல்ஃபைட் என்று இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு சல்ஃபைட் ஆகாது, அதைக் கவனியுங்கள். கோதுமைக் கதிரின் குறுக்கே கோடு அடித்த, குளூட்டன் இல்லை என்கிற முத்திரை இருந்ததால் மருமகளுக்குக் கொடுப்பதில் பயமில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் போகாத பண்டத்துக்குத்தான் அந்த அடையாளம். இந்த நிம்மதிக்குத்தான் இரண்டரையில் பாதி மார்க்.

மீதி மார்க் ஏன் போனது? வாய். மேலே வழவழப்பு, கடித்தால் துள்ளுகிறது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "இதைப் பால் எடுத்து உறைய வைத்தார்களா?" என்று கேட்டார். கிழங்கு மணம் என்று ஒன்று இருக்கிறதே, புதிதாக அவித்த கிழங்கைப் பிளந்தால் வருமே, அது துளியும் இல்லை, அட்டைப்பெட்டி வாசம்தான் தூக்கலாக வந்தது. இங்கே ஆன்லைனில் வாங்கலாம் என்று பார்த்தால் ஆறு உருண்டைப் பெட்டிக்கு இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார்கள். அந்தக் காசுக்குக் கிழங்கு வாங்கினால் குடும்பமே இரண்டு வேளை தின்னலாம்.

பெட்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எல்லாப் பெட்டியும் ஒன்றில்லை. அவன் கொண்டு வந்த குவியலில் ஒன்று ரொட்டி உருண்டை, முழுக்க முழுக்கக் கோதுமை ரொட்டியில் செய்தது. மேலே இருக்கும் படம் கிட்டத்தட்ட இதே படம், அதே வெள்ளை உருண்டை, அதே குழம்பு. படத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள், ஜெர்மன் தெரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். கிழங்கு உருண்டையிலேயே சிலவற்றில் கோதுமை ரவையும் பால் பவுடரும் வரும்.

இனி வீட்டில் செய்வது, இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

பாதி வெற்றி கிழங்கில். நம் பசாரில் வருகிற உருளை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சீனாவிலிருந்து வருகிற பெரிய, வழவழத் தோல் கிழங்கு கறிக்கு நல்லது, வெந்தாலும் உடையாது, அதனாலேயே இதற்கு ஆகாது. தோல் சொரசொரப்பாக, மண்நிறத்தில் இருக்கும் அமெரிக்க ரசட் கிடைத்தால் அதை எடுங்கள், வெந்ததும் மாவாக உதிரும். ஜெர்மனியில் இந்தத் தொல்லையே இல்லை, பையின் மேலேயே போட்டிருக்கும், வழக்கமாக உடையாத கிழங்குக்குப் பச்சை, நடுத்தரத்துக்குச் சிவப்பு, மாவுக்கிழங்குக்கு நீலம். நமக்குக் கடைக்கார அண்ணன் சொல்வதுதான் வேதம், அவரோ எதைக் கேட்டாலும் "இது நல்லாருக்கும்மா" என்பார். வீட்டில் சோதிக்க ஒரு வழி: ஒரு கப் உப்புக்குப் பதினொரு கப் தண்ணீர் என்று கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக்கிழங்கு, மிதந்தால் கறிக்கிழங்கு. ஸ்டார்ச் அதிகமிருந்தால் எடை கூடும், அதுதான் காரணம். உப்புத் தண்ணீரைக் கொட்ட மனசு வராது, எனக்கும் வராது, கடுகுக் கீரை ஊறவைத்துவிடுவேன்.

வேகவைக்கும்போது தோலோடு வேகவையுங்கள். தண்ணீரில் போடுவதை விட இட்லிச் சட்டியில் ஆவியில் வைப்பது மேல், கிழங்கு தண்ணீர் குடிக்காது, தண்ணீர் குடிக்காத கிழங்குக்கு மாவு கொஞ்சம் போதும், மாவு குறைந்தால் உருண்டை மெத்தென்று வரும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்தது. தயவுசெய்து மிக்சியில் அடிக்காதீர்கள். கத்தி சுற்றினால் கிழங்கின் செல்லெல்லாம் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்து பசையாகிவிடும், அதற்குப் பிறகு சுவரில் நோட்டீஸ் ஒட்டத்தான் உதவும். அங்கே இதற்கென்று நெம்பி அழுத்துகிற ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், கிழங்கை வைத்து அமுக்கினால் புழுப்புழுவாக வெளியே வரும். ஆன்லைனில் பார்த்தேன், நல்லது ஐம்பது வெள்ளியைத் தொடுகிறது.

நம்மிடம்தான் முறுக்கு அச்சு இருக்கிறதே!

அம்மாவின் பழைய மர அச்சை எடுக்கவில்லை. அதில் எத்தனையோ தீபாவளிக்கு மைதா முறுக்குப் பிழிந்திருக்கிறோம், மரத்தின் இடுக்கில் என்ன ஒளிந்திருக்கிறதோ, சீலியாக் உள்ள பிள்ளைக்கு அதில் பிழிந்து கொடுக்கக் கூடாது. அதனால் புதிதாக எவர்சில்வரில் வாங்கினேன், இனி அதில் கோதுமை படாது என்று பிடியில் சிவப்பு நூல் கட்டியாயிற்று. கடையில் இரண்டு வகை இருந்தது, மேலே திருகுகிறது ஒன்று, இரண்டு கையால் அமுக்குகிறது ஒன்று. திருகு அச்சு பார்க்க வசதிதான், ஆனால் கிழங்கு இளகலாக இருப்பதால் ஓரத்தில் ஏறி மேலே பிதுங்கும் என்று கடை அக்கா சொன்னார், வீட்டில் அக்காவிடம் இருக்கும் திருகு அச்சில் போட்டுப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. அமுக்கு அச்சில் அந்தப் பிரச்சினை இல்லை, மணிக்கட்டுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். தட்டைப் பொறுத்தவரை புட்டுமாயம் (இடியாப்பம்) பிழிகிற தட்டுதான் சரி. ஓமப்பொடித் தட்டு அடைத்துக்கொள்ளும், மூன்று ஓட்டைத் தட்டில் கட்டி அப்படியே இறங்கிவிடும்.

இதில் ஒரு வித்தை இருக்கிறது, இதற்காகவே ஐந்து மார்க். சூடான கிழங்கைத் தோலை உரிக்காமல் பாதியாக வெட்டுங்கள், வெட்டிய முகம் தட்டைப் பார்த்து இருக்கும்படி அச்சுக்குள் வைத்து அமுக்குங்கள். கிழங்கு கீழே நூல் நூலாக இறங்கும், தோல் அப்படியே உள்ளே மடிந்து தங்கிவிடும். அடுத்த பாதி வைப்பதற்கு முன் தோலை விரலால் எடுத்துப் போடலாம். சூட்டில் விரல் வெந்து தோல் உரிக்கிற வேலையே மிச்சம். பிழிந்ததை அகலத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள், முழுக்க ஆறட்டும், பவேரியாவில் பல வீடுகளில் முதல் நாளே கிழங்கை அவித்து வைத்துவிடுவார்கள். சூட்டோடு மாவு சேர்த்தால் அது அங்கேயே வெந்து இழுபட ஆரம்பித்துவிடும். அச்சை மட்டும் உடனே பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், வெந்நீர் ஊற்றினால் இன்னும் பிடித்துக்கொள்ளும்.

மாவு எவ்வளவு? தராசு வேண்டாம். சிலேசியா (இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கிற வட்டாரம்) பக்கத்துப் பெண்கள் செய்கிற கணக்கு இது: கிழங்கைப் பாத்திரத்தில் தட்டிச் சமமாக்கி, நான்காகக் கோடு போட்டு, ஒரு கால் பங்கை எடுத்து மற்ற மூன்றின் மேல் வைத்துவிட்டு, அந்தக் காலியான இடத்தை உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மாவால் நிரப்ப வேண்டும். மாவு அவ்வளவுதான். கிலோ கிழங்குக்கு ஏறத்தாழ 250 கிராம் வரும். கூடவே உப்பும் துருவிய ஜாதிக்காயும். ஜாதிக்காய் அவர்கள் விடாமல் போடுகிறது, நமக்கோ பினாங்கு பாலிக் புலாவ் பக்கத்தில் விளைகிறது, முழுக்காயாக வாங்கித் துருவுங்கள், தூள் வாங்கி மணத்தைத் தொலைக்காதீர்கள்.

மாவு வகை பற்றி நம் வட்டாரத்தில் ஒரு குழப்பம் வரும், ஏனென்றால் பலசரக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பது மரவள்ளி மாவும் சோளமாவும்தான். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சையும் சேர்த்து மூன்றிலும் செய்து பார்த்தேன். சோளமாவு: கெட்டியாக, வெளிறி, கடித்தால் தூளாக உதிர்கிறது. மரவள்ளி: இழுபடுகிறது, பல்லில் சிக்குகிறது, ஆறினால் இன்னும் மோசம். அதோடு பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர் என்பதால் அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறும், அது தனிக் கதை. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் இந்தக் குறை ஒன்றுமே இல்லை, குறைந்த சூட்டிலேயே வெந்து, மெல்லிய பளபளப்போடு மெத்தென்று நிற்கிறது. கேக் சாமான் கடையில் மலாயில் தெப்போங் கெந்தாங் என்று கேளுங்கள். ஆனால் அள்ளிப் போட்டு எடை போடுகிற உதிரி மாவு வேண்டவே வேண்டாம், அதே கரண்டி பக்கத்துக் கோதுமை மாவு மூட்டையிலும் போய் வந்திருக்கும். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சிரித்துக்கொண்டே உதிரியை நிறுக்க வந்தார்கள், கடை பெயர் வேண்டாம், சீல் போட்ட பாக்கெட்டை வேறு கடையில் வாங்கினேன்.

உருட்டும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள், பெரிய எலுமிச்சை அளவு போதும், ஜெர்மன்காரர் அளவுக்கு உருட்டினால் நம் தட்டில் குழம்புக்கு இடமிருக்காது. நடுவில் ரொட்டித் துண்டுக்குப் பதிலாக தெம்பேயை (புளிக்கவைத்த சோயாக் கட்டி) பொடிப்பொடியாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்து வையுங்கள். சொல்லப்போனால் ரொட்டியை விட இதுதான் பொருத்தம், உள்ளே ஊறிய பிறகும் பல்லுக்குத் தெரிகிறது. விரிசல் இல்லாமல் மூட வேண்டும், விரிசல் வழியாகத்தான் தண்ணீர் புகும்.

அகலக் குண்டானில் உப்புத் தண்ணீர் கொதித்ததும் ஒரு கரண்டி ஸ்டார்ச்சைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றுங்கள், உருண்டை கரையாமலிருக்க அவர்கள் செய்வது. பிறகு தீயைக் குறைத்துக் கொதிப்பு அடங்கியதும்தான் உருண்டைகளை இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் உருண்டை உடைந்து கஞ்சியாகும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அது கரைந்தால் மாவில் இன்னும் கொஞ்சம் ஸ்டார்ச் சேர்த்துக்கொள்ளலாம். அடியில் கிடந்து, மெதுவாக மேலே வந்து, அங்கேயே உருண்டுகொண்டிருக்கும், மொத்தம் கால் மணியிலிருந்து இருபது நிமிடம். அம்மா "இதை ஏன் தண்ணீரில் போடுகிறாய், ஆவியில் வைத்தால் போதாதா" என்று இட்லித்தட்டில் வைத்தார். வெந்தது, கெடவில்லை, ஆனால் மேல்பாகம் ஒட்டுகிறது, தண்ணீரில் வெந்ததன் பட்டுப்போன்ற மேல்தோல் வரவில்லை. அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பச்சைக் கிழங்கு சேர்க்கிற துரிங்கியா முறையையும் செய்தேன். துருவித் துணியில் பிழிந்து, பிழிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக ஸ்டார்ச் படியும், தண்ணீரை இறுத்துவிட்டு அதையே மாவில் சேர்க்கலாம், கடை மாவே வேண்டாம். ருசி இதில்தான் அதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் துருவத் துருவக் கறுக்கும், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டாலும் சாம்பல் நிறம் போகாது, பிழிந்து பிழிந்து தோள் வலிக்கும். வேலை நாளில் இது ஆகிற காரியம் இல்லை.

குழம்பில்தான் குளூட்டன் திருட்டுத்தனமாக உள்ளே வரும். சிப்பிக் காளானைப் பெரிய வெங்காயத்தோடு நன்றாகச் சிவக்க வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் உருண்டைக்கு அருமை, இதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. நிறத்துக்குக் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றலாம் என்று கை போகும், நிறுத்துங்கள், சாதாரணக் கிச்சாப்பில் கோதுமை இருக்கிறது. மிஞ்சிய சாம்பாரை ஊற்றிச் சாப்பிடலாம் என்றால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்க வேண்டும். சம்பால் பிடிக்கும் என்பவர்களுக்கு, அதில் போடுகிற பெலாச்சான் இறாலில் செய்தது, அப்புறம் வீகன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் பிடித்தது காளான்தான். மருமகள் காய்ந்த மிளகாய் போட்ட கத்தரிக்காய்ப் பிரட்டலோடு சாப்பிடுகிறாள், ஜெர்மன்காரர் பார்த்தால் என்ன சொல்வார்களோ தெரியாது, தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

யார் பாக்கெட் வாங்கலாம்? விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், ஒரே ஒரு அடுப்பு வைத்திருப்பவர்கள், பயணத்தில் சீலியாக்குக்குப் பயந்து பட்டினி கிடப்பவர்கள், இவர்களுக்குச் சரி. வீட்டில் இட்லிச் சட்டியும் அச்சும் இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை.

மிஞ்சினால்: வெந்த உருண்டையை மறுநாள் காலையில் வட்டமாக நறுக்கி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் பசியாறுவதற்கு அருமை, சப்பாத்தி போடுகிற கல்லாக மட்டும் இருக்கக் கூடாது. பிசைந்த மாவை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ராத்திரியில் தண்ணீர் விட்டு இளகிவிடும். உருட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் வைத்து, ஃப்ரீசரில் போட்டால் கெடாது, ஐஸ் விடாமலேயே நேராக வெந்நீரில் போடலாம், நேரம் மட்டும் கொஞ்சம் கூட ஆகும்.